டஃபியின் இடது காது

மார்ச் 3
என் முயல் டஃபி இன்றும் புல்லை வாயில் வாங்கிக் கீழே போட்டுவிட்டான். தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அவனை எனக்குக் கொடுத்தவன் என் தம்பி டென்ஸில். முற்றத்துக்கு அந்தப் பக்கம் கொட்டகை போட்டுத் தொங்குகாது முயல் வளர்க்கிறான். பார்க்கக் கூப்பிட்டேன். வந்தவன் அளவுகோலை எடுத்து, காதை நுனிக்கு நுனி அளந்தான். இந்த வட்டாரத்திலேயே இவ்வளவு நீளம் கிடையாதாம். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. இவனுக்குக் காது மட்டும் பொன்.

மார்ச் 6
லட்லோ நகரத்துக் கால்நடை டாக்டர் ஃபெனல்லா எக்ஸ்ரே படம் எடுத்துக் காட்டினார். செவிப்பறைக்குப் பின்னால் உள்ள எலும்பு அறை முழுக்கச் சீழ். முயலின் சீழ் பாலாடைக்கட்டி மாதிரி கெட்டியாம், மருந்து இறங்காது. காதுக் குழாயைப் பக்கவாட்டில் திறந்து, எலும்பைக் குடைந்து வழித்தெடுக்க வேண்டும். முக நரம்பு ஒட்டியே ஓடுகிறது; கண் மூடாமல் போகலாம். அப்படியே விட்டால் சீழ் மூளைக்கு ஏறும். செய்யுங்கள் என்றேன்.

மார்ச் 7
டென்ஸிலிடம் சொன்னேன். ஏப்ரலில் முயல் கண்காட்சி; டஃபியை அங்கே கொண்டுபோக நினைத்திருந்தான்.

"காதை அறுத்தா நடுவர் மேசையில ஏத்தவே மாட்டாங்கக்கா. இவன் அப்பனும் செத்துட்டான். இந்தக் காது இனி இவன்கிட்ட மட்டுந்தான் இருக்கு."

"உயிர் போனா காதை வச்சு என்னடா பண்ணுவ?"

டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனான்.

மார்ச் 11
இன்று அறுவை. காலையில் கூண்டைத் திறந்தால் உலர்புல் இல்லை, கீரை இல்லை, துடைத்து வைத்திருக்கிறது. டென்ஸில் நேற்று ராத்திரி கொல்லைக் கதவு வழியாக வந்து எடுத்துப் போயிருக்கிறான். மயக்க மருந்துக்கு வெறும் வயிறு வேண்டுமே, நாய்க்கு அப்படித்தானே என்கிறான். டாக்டர் வயிற்றைத் தொட்டதுமே அறுவையைத் தள்ளிவைத்தார். பட்டினி போட்டால் முயலுக்குக் குடல் நின்றுவிடும்.

இது அவனுக்குத் தெரியாதா? ஆயுசு பூரா முயல் வளர்க்கிறவனுக்கா? பாவி — தெரிஞ்சேதான் பண்ணியிருக்கான். என் வீட்டுக்குள்ள வந்து, என் கூண்டைத் திறந்து.

மார்ச் 12
டஃபிக்கு ஊசிக்குழலில் கூழ் ஊட்டினேன். சாயங்காலம் புழுக்கை போட்டான். அழுதுவிட்டேன்.

மார்ச் 14
அறுவை முடிந்தது. உயிரோடு இருக்கிறான். இடது கண் மூடவில்லை.

மார்ச் 15
கொல்லைக் கதவுக்குப் புதுப் பூட்டு.

ஏப்ரல் 8
மிச்சச் சீழ் வடியக் காயத்தைத் திறந்தபடியே விட்டிருக்கிறார்கள். தினமும் கழுவுகிறேன், தினமும் உதை வாங்குகிறேன். கண் பாதி மூடுகிறது. கண்காட்சிக்கு டென்ஸில் வேறொரு முயலைக் கொண்டுபோனான்; பரிசு எதுவும் இல்லையாம். சந்தோஷமாக இருந்தது. இருக்கட்டுமே.

ஜூன் 9
டென்ஸில் கதவைத் தட்டினான். இத்தனை நாள் பேசாதவன், டஃபி எப்படி இருக்கிறான் என்று கேட்டான். அப்போதே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"காது போனாப் போகுதுக்கா. ரத்தம் இருக்குல்ல? ஒரு நாள் பொட்டையோட விடு. குட்டிக்கு அந்தக் காது வந்துரும்."

குட்டிக்குச் சீழும் வரும் என்றேன். வந்தால் பார்த்துக்கொள்ளலாமாம்.

"அவனுக்கு ஏப்ரல் கடைசியிலயே விதை எடுத்தாச்சுடா."

அப்பா வளர்த்த முயல் வம்சம் என்று ஏதோ முனகினான். அவர் எனக்கும் அப்பாதான். கதவைச் சாத்தாமலே போனான். எழுந்து போய்ச் சாத்திவிட்டு, டஃபிக்குப் புல் போட்டேன். தின்றான்.