சுவரோரத்துக் கல்

அக்டோபர் 30, வியாழன் இரவு

பங்குச் சாமியார் கேட்டாரே என்று அந்த அமெரிக்கக்காரருக்கு மொழிபெயர்க்கப் போனேன். போயிருக்கக் கூடாது. அவர் வம்சத்தில் மார்த்தா என்றொரு பெண், வெள்ளைக்காரன் காலத்தில் புருஷனோடு கப்பலில் வந்து இங்கே காய்ச்சலில் இறந்தவளாம். அவள் கல்லறையைத் தேடுகிறார். பேர் தெரியாத கல்லையெல்லாம் சுரண்டச் சொன்னார். சுவரோரத்துச் சின்னக் கல் எங்கள் அக்காவுடையது என்று நான் சொல்வதற்குள், வருஷா வருஷம் நாங்கள் பூசிய சுண்ணாம்பு பாளம் பாளமாக உதிர்ந்தது. அடியில் இங்கிலீஷில் மார்த்தா.

அவர் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதார். இத்தனை காலம் இவளை யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டார்.

"இந்தா நிக்காவள்லா, இவுக அம்மாதான்," என்றார் கல்லறைத் தோட்டத்து அண்ணாச்சி. "கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி தவறுனதே இல்ல."

ஊர்க்காரர்கள் என்று மொழிபெயர்த்தேன்.

அக்கா பிறந்த அன்றே இறந்துவிட்டாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பாதான் கொண்டுபோய்ப் புதைத்தார். பிறகு அம்மாவுக்கு இந்தக் கல்லைக் காட்டினார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளை அப்போதெல்லாம் சுவருக்கு வெளியேதான் புதைப்பார்கள் என்று அண்ணாச்சி இன்றுதான் சொன்னார். கேட்க அப்பாவும் இல்லை. சுவருக்கு வெளியே இப்போது துறைமுக ரோடு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: "ஏளா, சுண்ணாம்பு ஊற வச்சிருக்கேன். நாளைக்கு வெள்ளன போயி அக்காவுக்குப் பூசிட்டு வந்துருவோம்."

சரிம்மா என்றேன்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. துறைமுகத்துக்கு லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன.