பலகையில் ஒரு வேலிப் பொட்டு

1983 மாசி 9
சங்கத்தின் புதுப் பாவனையாளர் ஆய்வுக்கூடத்துப் பெயர்ப்பலகைக்கு இலச்சினை கீற வேண்டியது நான்தானாம். சங்கம் குடுத்த புகையில்லா அடுப்பைப் பெண்டுகள் எப்பிடிப் பாவிக்கினம் எண்டு கேட்டு எழுதுறதுதான் எங்கட வேலை. தலைவர் தில்லைநாதன் அண்ணை சொல்லுறார், "அடுப்பைக் கீறிச் சுத்திவரக் கதிர் போடும், பரிமளம்." அடுப்பென்ன சூரியனோ? கீறமாட்டன்.

மாசி 14
என்னோட வேலை செய்யிற எமிலியும் நானும் சுருவில் ஊருக்குப் போனனாங்கள். வீட்டுப் படலை வாசலில நிண்டு கேட்டால் எல்லாரும் ஒரே பாட்டு: "நல்ல அடுப்பு, பிள்ளை." பிழை எங்களிலதான். பைலும் கையுமா முன்படலையில நிண்டால் ஆர் உண்மை சொல்லும்?
பிறகு எமிலி தன்ர மாமி வீட்டுக்குப் போய், அயலட்டைப் பெண்டுகள் போய்வர வேலியில விட்ட பொட்டால, அந்தச் சின்ன ஓட்டையால, பக்கத்து வளவுக்குள்ள குனிஞ்சு பூந்தாள். நானும் பின்னால. வேலிக் கிடுகு ஓலை கீறி நெத்தியில ரத்தம். படலையில "நல்லது" எண்ட அதே மனுசி எங்களைக் குசினிக்குள்ள கூட்டிக்கொண்டு போனா. புது அடுப்புக்குள்ள கோழி அடைகிடக்குது! "கூழ்ப் பானை இதில இருக்காது. வாயும் சின்னன். பனை மட்டையை ஆர் கொத்துறது?"

மாசி 15
கீறிப்போட்டன். கிடுகு வேலி, நடுவில ஒரு பொட்டு. அவ்வளவுதான்.

மாசி 20
கூட்டத்தில சிரிச்சினம். "நாய் பூருற பொட்டைப் பலகையில போட்டால் ஊர் என்ன சொல்லும்?" தில்லைநாதன் அண்ணைதான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உங்கட வீட்டு உப்பும் புளியும் கைமாறுறதும் அதாலதான், அண்ணை" எண்டனான். மாத்திக் கீறாட்டி வேற ஆளைப் பிடிப்பினமாம். பிடிக்கட்டும்! ஒரு கோடும் மாத்தன்.
வீட்டை வந்து அழுதனான். அது வேற.

பங்குனி 3
கூடம் திறந்தாச்சு. வேற ஆள் கீறின அடுப்பும் கதிரும் பலகையில மினுங்குது. அடுப்பைப் பற்றிச் சொல்ல ஒரு பெண்ணும் படலை தாண்டி வரேல்லை.

பங்குனி 5
எமிலியும் நானும் கூடத்தின் பின்வேலியில பொட்டு வெட்டிப்போட்டம். ஆரும் கேட்டால் நான்தான் எண்டு சொல்லுவன்.

பங்குனி 11
முதல் ஆள் குனிஞ்சு வந்தா. ஆர்? தில்லைநாதன் அண்ணையின்ர மனுசி, இராசமணி அக்கா! "உந்த அடுப்போட என்னால ஏலாது. அவர் வெளியில போனாப்பிறகு பழைய அடுப்பிலதான் சமைக்கிறனான். எழுது பிள்ளை."
பேரையும் போடவோ எண்டு கேட்டன்.
"போடன். எனக்கென்ன பயமோ?"

பங்குனி 18
இண்டைக்குப் பின்வேலியால தில்லைநாதன் அண்ணை வந்தார். வேட்டியெல்லாம் கிடுகுத் தூசு. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, நான் எழுதினதை முழுக்க வாசிச்சார். இராசமணி அக்காவின்ர பேர் வந்த இடத்தில விரலை வச்சுத் திரும்பவும் வாசிச்சார்.
வெளிக்கிடேக்க சொன்னார்: "பலகையைக் கழட்டிப்போட்டன். உம்மட வேலியைக் கீறும். பொட்டை மட்டும் கொஞ்சம் பெரிசாக் கீறும், பிள்ளை. முதுகு நோகுது."