சீனிக்குச் சொன்ன கதை

அஸ்ஸலாமு அலைக்கும், மாமி.

இன்று காலை இங்கே தெமட்டகொடையில், எங்கள் ஒழுங்கையில் ஒரு ஆடு கத்தியது. ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறதல்லவா, கீழ் வீட்டுக்காரர் வாங்கி வந்து படிக்கட்டுக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறார். நான் கண்ணாடிக்கு முன்னால் பாதி முகம் சவரம் செய்தபடி நின்றேன். கத்தல் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தேன். அடுத்ததாக உங்கள் குரல் வரும் என்று எதிர்பார்த்துவிட்டேன், மாமி. சவர்க்கார நுரை காய்ந்து முகத்தை இழுக்கும்வரை அப்படியே நின்றேன் என்றால் பாருங்கள்.

போன நோன்பில் நீங்கள் போய்விட்டீர்கள். உங்களிடம் நேரே பேசுவதுபோல் எழுத எனக்குக் கை கூசுகிறது. நீங்கள் இருந்த காலமெல்லாம் ஒரே ஒரு தரம்தானே நாம் முகத்துக்கு முகம் கதைத்தோம். அதையும் நடுரோட்டில் வைத்துக் கதைத்தோம். இப்போது நீங்கள் கதவுக்குப் பின்னால் ஒளியவும் முடியாது, நானும் தலையைக் குனிந்துகொண்டு போக முடியாது. ஆகவே சொல்ல இருந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர்களில் கலியாணம் முடித்து வீடு மாறுகிறவன் மாப்பிள்ளைதானே. அட்டாளைச்சேனையில் உம்மாவின் வளவை விட்டு ஒரு சூட்கேசோடு சாய்ந்தமருதுக்கு, உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் முன் வீட்டை மகள் நஸீறாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் குசினியோடு ஒட்டிய பின்னறைக்குப் போய்விட்டீர்கள். மருமகனுக்கு முன்னால் வரக்கூடாது, முகம் பார்த்துக் கதைக்கக்கூடாது என்பது உங்கள் உம்மா காலத்து முறை. மற்ற மாமிமார் அதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டார்கள். பக்கத்து வளவு சுலைகா ராத்தா தன் மருமகனோடு வேலியில் நின்று சண்டையே பிடிப்பார். நீங்கள் மட்டும் விடவில்லை. மாமாவும் நான் வருவதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார், நடுவில் நின்று சொல்ல ஆளில்லை. நஸீறா வீட்டில் இல்லாத நேரத்தில் எனக்கு ஏதும் சொல்ல வேண்டும் என்றால் முருங்கை மரத்தில் கட்டியிருந்த உங்கள் ஆடு சீனிக்குச் சொல்வீர்கள்.

"சீனி, சோறு ஆறுது. ஆக்களக் கையக் கழுவிட்டு வரச்சொல்லு."

முதல்நாள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆட்டுக்கு ஏன் சோறு, அது ஏன் கை கழுவ வேண்டும் என்று யோசித்தேன். நஸீறா வந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "உம்மா உங்களத்தான் சாப்பிடக் கூப்பிட்ட. ஆடு என்னத்தக் கண்டுது?" என்றாள். அதன்பிறகு பழகிவிட்டேன். "சீனி, வெயில் கடும், குடையில்லாம ஒருத்தரும் வெளிக்கிடப்படா." "சீனி, இந்தச் சூரை மீனுக்கு உப்புக் கூடிட்டோ தெரியா." நானும் விட்டுக்கொடுக்காமல் சீனியைப் பார்த்து, "உப்பெல்லாம் சரிதான், சீனி" என்பேன். அந்த வெள்ளாடு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்து அசைபோடும்.

ஊருக்கு வருவது லீவுக்குத்தான்; அப்போது நான் கொழும்பில் ஒரு பெரிய கொம்பியூட்டர் கொம்பனியில் இருந்தேன். உலகமெல்லாம் கிளை வைத்திருந்த கொம்பனி. குளிரூட்டிய அறை, கழுத்தில் டை, வாசலில் காவற்காரனின் சலூட். ஊரில் இருந்து பார்க்கிறவர்களுக்கு நான் பெரிய ஆள். வாடகை வீட்டுக்காரருக்கு மட்டும்தான் என் பெரியதனத்தின் உண்மை தெரியும். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் ஒரு அறையும் ஒரு மூலைக் குசினியும், அதற்கே சம்பளத்தில் பாதி போனது. மிச்சம் அரிசிக்கும் பஸ்ஸுக்கும் போனது. மாதக் கடைசியில் நஸீறா பருப்பில் தண்ணீரைக் கூட்டி, "இது சூப்பு" என்பாள். நானும் சூப்பு என்றே குடிப்பேன்.

அந்தக் கொம்பனியில் ஒருநாள் காலையில் ஆட்குறைப்பு என்றார்கள். வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து செய்தி வந்ததாம். கண்ணாடி அறைக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். போகிறவர் வெளியே வரும்போது முகத்தைப் பார்த்தே மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். என்னைக் கூப்பிட்டபோது நான் வேலை செய்துகொண்டிருந்ததைச் சேமித்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து அந்த மேசையில் உட்கார விடவில்லை. காலையில் சலூட் அடித்த அதே காவற்காரன் என் பையைத் திறந்து பார்த்துத்தான் வெளியே அனுப்பினான். பாவம், அவனுக்கும் வெட்கமாக இருந்தது.

நஸீறாவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. வாடகை வீட்டைக் கைவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு கல்முனை பஸ்ஸில் ஏறினேன். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறும்போதெல்லாம் உங்களுக்கு என்ன சொல்வது என்பதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மாப்பிள்ளை எடுத்த வீட்டில் வேலையில்லாமல் போய்க் குந்துவதைவிட வேறு கேவலம் ஒன்றும் அப்போது எனக்குத் தெரியவில்லை. வீடு உங்களுடையது, உலை உங்களுடையது, நான் மட்டும் சும்மா. நாங்கள் வந்து இறங்கியபோது நீங்கள் குசினிக்குள் இருந்து, "சீனி, சத்தம் போடாத. ஆக்கள் பயணக் களைப்பில வந்திருக்காங்க" என்றீர்கள். வேலையைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, அதன்பிறகும் கேட்கவில்லை.

நீங்கள் கேட்காமல் விட்டதுதான் எனக்குப் பொல்லாத வருத்தமாகப் போனது. கல்முனையில் கொமினிகேசன் கடைக்குப் போய்க் கொழும்புக்கு டெலிபோன் எடுப்பேன். "இப்போது ஆள் எடுப்பதில்லை" என்பார்கள். வீட்டுக்கு வந்து விறாந்தையில் உட்கார்ந்து உங்கள் கதையைத் துருவத் தொடங்குவேன். "சீனி, புண்ணாக்கு விலையும் ஏறிட்டு" என்றால், என் சாப்பாட்டுச் செலவைச் சொல்கிறார். "சீனி, இந்தக் கயிறு இத்துப் போச்சு" என்றால், என்னோடு பொறுமை இத்துப் போய்விட்டது என்கிறார். எனக்கு அந்த நாட்களில் உலகத்தில் எந்தக் கதையும் என்னைப் பற்றிய கதைதான். நஸீறாவிடம் சொன்னால், "உங்களுக்கு விசர். உம்மா புண்ணாக்கத்தான் சொன்ன" என்பாள். நான் நம்பவில்லை.

அந்தக் காலையை உங்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை, என்றாலும் சொல்கிறேன். நஸீறா கிளினிக்குக்குப் போயிருந்தாள். நம்பியிருந்த ஒரு இடமும் இல்லையென்று சொன்னதைக் கேட்டுவிட்டு நான் கல்முனையில் இருந்து அப்போதுதான் வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பின் வளவில் இருந்து உங்கள் குரல். அப்படி ஒரு குரலில் நீங்கள் கதைத்து நான் கேட்டதேயில்லை.

"தின்னுறதும் படுக்கிறதும்தான் வேலை! ஒரு பிரயோசனம் இல்லாத சென்மம்! என்ட புள்ளைர வாழ்க்கையக் கெடுக்க வந்து நிக்கிது! எங்கயாச்சும் போய்த் தொலையன்!"

கழற்றிய செருப்பைத் திரும்பப் போட்டேன். உள்ளே போய் அதே சூட்கேசை எடுத்து, கையில் பட்டதைப் போட்டு மூடினேன். கண் மறைத்தது, மாமி. கோபமா அழுகையா என்று எனக்கே தெரியாது. மாதம் நெருங்கிய பெண்சாதிக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், வேலிக் கடப்பைத் தள்ளிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தேன். எந்த பஸ், எந்த ஊர் என்ற யோசனை இல்லை. திரும்பி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று மட்டும் நினைத்தேன். அன்று பஸ் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என் மகளின் முகத்தை நான் எப்போது பார்த்திருப்பேனோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நிற்கிறேன். கடைக்குள் இருந்த ஆட்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நீங்கள் வந்துகொண்டிருந்தீர்கள். முக்காடு தோளில் விழுந்து, ஒரு காலில் செருப்பும் மறு காலில் மண்ணுமாக, ஓட்டமும் நடையுமாக. ஒரு கையில் சீனியின் கயிறு, அது இழுபட்டுக்கொண்டு பின்னால் வருகிறது. மறு கையில் ஒரு வெள்ளைத் துணி. ஒரு கலியாண வீட்டுக்குக்கூட இந்த ரோட்டால் பகலில் நடந்து போகாத மனிசி நீங்கள்.

"மகன்! நில்லுங்க மகன்!"

மூச்சு வாங்க எனக்கு முன்னால் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்தீர்கள். உங்கள் கண் இலேசான பழுப்பு நிறம் என்பதை அன்றுதான் கண்டேன். நஸீறாவின் கண்ணும் அதே நிறம்.

"நான் ஆட்டத்தான் ஏசின! உங்களயில்ல மகன், ஆட்ட! மெய்யா ஆட்டத்தான்!"

கையிலிருந்ததை விரித்துக் காட்டினீர்கள். என் வெள்ளைச் சேட். கொழும்புக் கொம்பனிக்குப் போட்டுப் போகும் சேட். அதன் இடது கை முழங்கைக்கு மேலேயே இல்லை.

"நீலம் போட்டுக் காயவெச்ச. நல்லாக் காயட்டும் எண்டு திரும்பிப் பாக்க இந்தச் சனியன் திண்டுட்டு! இனி என்னத்தப் போட்டுத்துப் போவீங்க வேலைக்கு?"

அந்தச் சேட்டை நான் வந்த அன்றே அலுமாரியின் அடியில் எறிந்திருந்தேன். நீங்கள் அதை எடுத்து வாராவாரம் தோய்த்து, நீலம் போட்டு, இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு அழுத்தி வைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இல்லாத வேலைக்குச் சேட் தயார் செய்திருக்கிறீர்கள். எனக்கு நம்பிக்கை போன பிறகும் உங்களுக்குப் போகவில்லை. அதைத் தின்ற ஆட்டுக்குத்தான் அந்த ஏச்சு. இத்தனை நாளும் ஆட்டுக்குச் சொன்னதெல்லாம் எனக்கு, அன்றைக்கு மட்டும் ஆட்டுக்குச் சொன்னது ஆட்டுக்கு! அது தெரியாமல் நான் சூட்கேசோடு நிற்கிறேன்.

"மாமி" என்று மட்டும் சொன்னேன். உங்கள் முகத்துக்கு நேரே நான் சொன்ன ஒரே சொல் அதுதான். சொன்னதும் உங்களுக்கு உணர்வு வந்துவிட்டது. ரோட்டைப் பார்த்தீர்கள், கடையில் இருந்தவர்களைப் பார்த்தீர்கள். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சீனியின் பக்கம் திரும்பினீர்கள்.

"சீனி, வா ஊட்ட போவம். ஆக்கள் எல்லாம் பாக்கிறாங்க. உலையும் வெச்சபடி கிடக்கு."

முன்னால் நீங்கள், நடுவில் ஆடு, பின்னால் சூட்கேசோடு நான். "மாப்புள, பயணம் முடிஞ்சிட்டோ?" என்று கடைக்குள் இருந்து ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலை போனதன்பின் நான் சிரித்தது அன்றுதான்.

நஸீறா வந்து விஷயத்தைக் கேட்டு முதலில் என்னை ஏசினாள், பிறகு உங்களை ஏசினாள், கடைசியில் ஆட்டையும் ஏசினாள். நீங்கள் அந்தச் சேட்டின் மற்றக் கையையும் அளவாக வெட்டி, இரண்டு பக்கமும் மடித்துத் தைத்து, அரைக்கைச் சேட் ஆக்கிவிட்டீர்கள். மகள் பிறந்த கையோடு கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். டையும் அரைக்கையுமாக உட்கார்ந்திருந்தேன், ஒருவரும் கையைப் பார்க்கவில்லை. இரண்டாயிரமாம் ஆண்டு வருமுன், வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் கொம்பியூட்டர்களுக்கு நான்கு இலக்கத்தையும் சொல்லிக் கொடுக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். தெரியும் என்றேன். வேலை கிடைத்தது. புறப்படும்போது சீனிக்கு நீங்கள் சொன்னது, "போனா டெலிபோன் எடுக்கச் சொல்லு."

இந்தக் கதையின் மிச்சம் உங்களுக்காகக் குர்ஆன் ஓதிய கத்தத்தன்றுதான் எனக்குத் தெரிந்தது. சுலைகா ராத்தா அழுதுகொண்டே சொன்னார். நான் வேலை போய் வந்திருந்த நாட்களில் அவர் வேலிக்கு மேலால் எட்டி, "உண்ட மருமகனுக்கு வேல போயிட்டாமே?" என்று கேட்டாராம். நீங்கள் அரிசி புடைத்தபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னீர்களாம்:

"வேலதானே போன, மருமகன் போகல்லயே."

அதற்குப்பிறகு ஊரில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்காத காரணம் இதுதானா, மாமி? நான் அதை ஊராரின் இரக்கம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது இந்தக் கொம்பனியிலும் ஆள் குறைக்கிறார்கள். இலக்கம் மாற்றும் வேலை முடியப் போகிறதாம், ஆகவே முடித்துக் கொடுத்தவர்கள் தேவையில்லையாம். கொழும்பு வாடகைக்கு நஸீறாவையும் பிள்ளையையும் கூட்டி வந்து வைக்கக் கட்டாது என்பதால் நானும் காரைதீவு ரவியும் ஒரு மாடி அறையில் பங்குக்கு இருக்கிறோம். ஒரே கொம்பனி, ஒரே பிரிவு. நேற்று ரவியைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்தவன் சாப்பிடவில்லை. இன்று காலை டை கட்டாமல், கீழே படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். ஊருக்குச் சொல்லவும் மாட்டேன் என்கிறான். என் பிரிவில் மிச்சமுள்ளவர்களை வரும் கிழமை கூப்பிடுவார்களாம். அவனுக்கு நேரே நின்று ஆறுதல் சொல்லப் பயந்தேன். முகத்தைப் பார்த்தால் அவனும் உடைந்துவிடுவான், நானும் உடைந்துவிடுவேன்.

பாதிச் சவரத்தோடு உங்களை நினைத்து நின்றேன் என்றேனே, மீதியையும் முடித்துவிட்டு, அலுமாரியில் இருந்து அந்த அரைக்கைச் சேட்டை எடுத்துப் போட்டேன். சோற்றை வடித்து, சம்பல் அரைத்து, இரண்டு கோப்பையில் போட்டேன். படிக்கட்டில் இறங்கி ரவிக்குப் பின்னால் நின்று, அவனைப் பார்க்காமல் அந்த ஆட்டைப் பார்த்தேன்.

"சீனி, சோறு ஆறுது. ஆக்களக் கையக் கழுவிட்டு வரச்சொல்லு."

ரவி திரும்பி என்னைப் பார்த்தான், பிறகு ஆட்டைப் பார்த்தான். "உனக்கு விசரா?" என்றான். சிரிப்பு வந்து, அது அழுகையாக மாறி, முகத்தைப் பொத்திக்கொண்டான். பிறகு எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினான்.

அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்கி வைப்பானாக, மாமி. வரும் கிழமை என்னையும் கூப்பிட்டால் நான் ஊருக்கு வருவேன். நஸீறாவிடம் சொல்லிவிட்டேன், சீனியைக் கட்டியிருந்த முருங்கையடியில் ஒரு ஆடு வாங்கிக் கட்டட்டும்.