மேற்கே பார்த்த கட்டடம்

10 ஜூன் 2009, சிதம்பரம்
விடைத்தாள் திருத்தித் திருத்தித் தோள் வலி. நடுவில் ஜான்சியின் போன். கூடப் படித்தவள், கடலூரில் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை. பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்களாம்.

"உன் துரை கட்டினதுன்னு எழுதிக் குடுடி, விட்டுடுவாங்க. வீட்டுக்காரரைவிட அந்த ஆளப் பத்தித்தானே ஜாஸ்தி பேசுற?"

துரை என்றால் ஹெதர்லி. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடக் கலைஞர். என் ஆய்வுப் பட்டமே அவரால் வந்தது. ஆனால் இந்தப் பள்ளி அவர் கட்டியது என்பதற்கு ஆதாரம் இல்லை. மாட்டேன் என்றேன்.

24 ஜூன்
கடலூர் போனேன். மதியம் வகுப்பறை உலையாகக் கொதிக்கிறது. வராந்தா, பெரிய ஜன்னல்கள் எல்லாம் மேற்கே. கடல் இருக்கும் கிழக்கே வெறும் சுவர்! பிள்ளைகள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு சுவருக்குப் பின்னால் வேப்பமரத்தடிக்குப் போகிறார்கள்.

"தினமும் இதே கூத்துதான்" என்றாள் ஜான்சி.

திரும்பும் பஸ்ஸில் உறைத்தது. ஹெதர்லி இங்கே வருமுன் கோழிக்கோட்டில் வேலை பார்த்தவர். அங்கே கடல் மேற்கே. அந்தப் பழக்கத்தில் சிதம்பரம் பயணியர் விடுதியையும் மேற்கு பார்த்துக் கட்டி, காற்றே இல்லை என்று திட்டு வாங்கினார். அதே தப்பு. அப்படியானால் அதே ஆள்.

2 ஜூலை
ஹெதர்லி கட்டியதுதான், இடிக்கக் கூடாது என்று அரசுக்கு அறிக்கை அனுப்பியாயிற்று. "தப்புங்கறத மட்டும் எடுத்துடேன்" என்று அனுப்புமுன் ஜான்சி கெஞ்சினாள். அந்தத் தப்புதானே ஆதாரம்? எடுக்கவில்லை.

19 அக்டோபர்
உத்தரவு வந்துவிட்டது. 'கட்டியபோதே தவறாகக் கட்டப்பட்டது; வகுப்புகளுக்கு உதவாது.' என் வாக்கியம்தான். இடிக்கலாமாம்.

"நல்லா எழுதினடி தாயே." போனை வைத்துவிட்டாள்.

உண்மையைத்தானே எழுதினேன்? வேற என்னதான் பண்றது நான்?

11 ஜனவரி 2010
இடித்துவிட்டார்கள். பேப்பரில் பார்த்தேன்.

6 ஜூலை 2011, கடலூர்
புதுக் கட்டடத் திறப்பு விழா. அழைப்பிதழ் தபாலில் வந்தது, போன் இல்லை. போவதா என்று யோசித்து, போனேன்.

வாசல், ஜன்னல் எல்லாம் மேற்கே.

"ரோடு அந்தப் பக்கந்தானே மேடம். முகப்பு தெரிய வேணாமா?" என்றார் இன்ஜினியர்.

பேச்சுகள் முடிய மதியமாயிற்று. உள்ளே உட்கார முடியவில்லை. பிள்ளைகள் யாரையும் கேட்காமல் புதுப் பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு கிழக்கே கிளம்பினார்கள். வேப்பமரத்தை வெட்டவில்லை.

ஜான்சி பக்கத்தில் வந்து நின்றாள்.

"நூறு வருஷம் போனா இதையும் எவளாவது ஆராய்ச்சி பண்ணுவாடி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. ஒரு பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மறுமுனையைப் பிடித்தேன். நல்ல கனம்.