கல்யாண முருங்கை வேலிக்கு என்ன வயது?

என்னங்க, என் அன்பானவரே,

ஜெயித்துவிட்டோம்! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகக் கேளுங்கள். நீங்கள் நட்ட வேலி நட்ட இடத்திலேயே நிற்கிறது. மாட்டுக் கொட்டகையும் நம்முடையதுதான். இதை ஊரார் படித்தாலும் படிக்கட்டும், எனக்கென்ன பயம்?

நீங்கள் கண்ணை மூடி வருஷம்கூடத் திரும்பவில்லை. அதற்குள் பக்கத்துத் தோட்டத்து மாணிக்கம் நில ஆபீசில் மனுப் போட்டுவிட்டார். நம் கல்யாண முருங்கை வேலி பழைய வேலி இல்லையாம். கடைசி மழைக்காலத்தில் நீங்கள் சத்தமில்லாமல் அவர் பக்கம் நகர்த்தி நட்டீர்களாம். நம் மாட்டுக் கொட்டகை நிற்பதே அவர் நிலத்திலாம். கொட்டகை மட்டும் என்றால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். உங்களைத் திருடன் என்று சொன்னதும் எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த ஆயர் ஈத்தாம் ஊரில் யார் வீட்டுப் புல்லையாவது கேட்காமல் அறுத்திருப்பீர்களா நீங்கள்?

வேலியைப் பார்க்க யாழ்ப்பாணத்து சர்வேயர் ஒருவர் டவுனிலிருந்து வந்தார். நெடுங்காலமாய் நிற்கும் வேலி என்றால் அதுவே எல்லை என்றார். புதிது என்று தெரிந்தால் மாணிக்கம் சொல்வதுதான் நிற்கும். நான் சும்மா இருந்தேனா? முந்திரிக்கொட்டை மாதிரி ஓடிப்போய், கொட்டகை மூலையில் இருக்கும் பெரிய மரத்தைக் கட்டிப்பிடித்துக் காட்டினேன்.

“பாருங்க சார், ரெண்டு கைக்கும் அடங்குதா? இதா போன மழைக்கு நட்ட மரம்?”

அவர் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். “அம்மா, இது கெதியா, மளமளவெண்டு பருக்கிற மரம். பக்கத்தில சாணிக்குழி வேற. அடிமரத்துத் தடிப்பைப் பாத்து வயசு சொல்ல ஏலாது.”

“சாணி தின்னு கொழுத்த மரம்லா அது!” என்று மாணிக்கம் சிரித்தார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. அங்கே சாணி கொட்டாதீர்கள் என்று உங்களிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டேனே, கேட்டீர்களா?

சர்வேயர் விடவில்லை. மரத்தைச் சுற்றி வந்தவர், தலைக்கு மேலே பட்டை மூடி முண்டாகிப் போயிருந்த ஒரு வெட்டுக்காயத்தைத் தொட்டுப் பார்த்தார். “நல்ல பழைய வெட்டு. இதில ஆர் கொம்பு வெட்டினது?”

அப்போதுதாங்க எனக்குப் பொறி தட்டியது! மாணிக்கத்தின் கல்யாணத்துக்கு முதல் நாள், அவருடைய அப்பா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வந்தாரே, நினைவிருக்கிறதா? மணவறையில் நடும் அரசாணிக்காலுக்கு ஒரு கொம்பு வேண்டும் என்றார். நல்ல காரியம் என்று நீங்களே ஏறி, ஆளுயரக் கொம்பாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தீர்கள்.

“மாணிக்கம் தம்பி,” என்றேன், “உங்க கல்யாணத்து அரசாணிக்கால் எந்த மரத்துக் கொம்பு? வாயைத் திறந்து சொல்லுங்க!”

“அது… வேற எங்கேயோ வாங்கினது,” என்று மென்று விழுங்கினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அவர் மனைவி தெய்வானைக்குப் பொறுக்கவில்லை. “ஏங்க, அப்படிச் சொல்லாதீங்க. இந்த மரத்துக் கொம்பைச் சுத்தித்தானே நாம வலம் வந்தோம்? கல்யாணம் முடிஞ்சு நம்ம வாசல்ல நட்டு, அது மரமாகி நிக்குதே. அதைப் பொய்யின்னா நம்ம கல்யாணமே பொய்யாயிடாதா? நம்ம மூத்தவனுக்கு மீசை முளைச்சிடுச்சு, இப்பப் போய்…”

சர்வேயர் வாய்விட்டுச் சிரித்தார். “பெடியனுக்கே மீசை வந்திட்டுதாம். அவன்ர தாய் தகப்பன்ர கல்யாணத்துக்குக் கொம்பு குடுத்த மரம் அதுக்கும் முந்தினதுதானே! இது பழைய வேலிதான். எல்லை இதுதான்.”

மாணிக்கம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். நான் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, சத்தியமாக இல்லை. உங்கள் பேருக்கு விழுந்த கறை போயிற்றே என்ற சந்தோஷத்தில் அழுதேன்.

மறுநாள் தெய்வானை பால் வாங்க வந்தாள். “அக்கா, அவரு எங்கையால சோறுகூட வாங்க மாட்டேங்கிறாரு,” என்றாள். “பசிச்சா தானா வருவாரு, போ,” என்றேன். இருவரும் சிரித்தோம். நீங்கள் இருந்திருந்தால் அவளுக்கு இன்னும் ஒரு சேர் பால் ஊற்றச் சொல்லியிருப்பீர்கள், இல்லையா? ஊற்றினேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த மீசைக்காரப் பையனுக்குக் கல்யாணம் என்றால் கொம்பு நம் வேலியிலிருந்துதான். மாணிக்கமே தாம்பாளத்தோடு வரட்டும், கொடுப்பேன். ஆனால் உங்களைத் திருடன் என்ற அதே வாயால், பத்துப் பேர் கேட்க, “இது அண்ணன் வச்ச மரம்” என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கொம்பில் கத்தியை வைக்க வேண்டும்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
செல்லம்மா