கிரகக் கதை வாசித்த பாக்கியத்துக்கு

என் அருமைப் பாக்கியம்,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. ஜொகூர் பாருவில் இந்தக் கிழமை விடாத மழை. குவாட்டர்ஸ் பின்வளவில் நீ நட்ட முருங்கை சரிந்துவிட்டது. முட்டுக் கொடுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து உன் தமையன் கடிதம் போட்டிருக்கிறார், உன் சேலைகளை உன் தங்கச்சிக்கு அனுப்பச் சொல்லி. அவற்றைக் கட்டி வைத்துவிட்டேன். உன் சஞ்சிகைகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. யாருக்குத்தான் தெரியவிட்டேன் நான்?

கலியாணம் முடித்து இங்கே வந்த புதிதில், வாசிக்க ஏதாவது வாங்கி வரச் சொன்னாய். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்த பெண். நான் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர், கோப்புகளைத் தவிர வேறெதுவும் வாசித்துப் பழக்கமில்லாதவன். ஒரு சனிக்கிழமை பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போனபோது, துறைமுகத்துப் பக்கம் ஒரு சீனர் கடையில், கப்பல்காரர் விட்டுப்போன பழைய அமெரிக்கச் சஞ்சிகைகள் குவிந்து கிடந்தன. மேலே கிடந்ததை எடுத்து வந்தேன். அட்டையில் இரண்டு நிலா, கீழே ஒரு வானக் கப்பல். நீ இரண்டு நாளில் முடித்துவிட்டு, இதே மாதிரி வேறு இருக்கோ என்று கேட்டாய்.

அதற்குப் பிறகு அடுப்படியில் பலகையைப் போட்டுக் குந்திக்கொண்டு வாசிப்பாய். சோறு அடிப்பிடித்த மணம் வந்தால், கப்பல் ஏதோ ஒரு கிரகத்தில் இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். பழைய கடையில் தொடர்கதை ஒழுங்காகக் கிடைக்குமா? முதல் பகுதி வரும், மூன்றாவது வரும், நடுவில் உள்ளது வராது. விடுபட்டதை நீயே இட்டுக்கட்டி, நான் சாப்பிடும்போது சொல்வாய். எப்போதாவது அந்த இதழ் அகப்பட்டு வாசித்தால், உன் கதைதான் அதைவிடத் திறம் என்பாய். உண்மையிலேயே திறம்தான்.

ஒருநாள் கேட்டாய், நினைவிருக்கிறதா? “இஞ்சருங்கோ, எங்கடை ஆக்கள் செவ்வாய்க்குப் போனா முதல்ல என்ன கட்டுவினம்? கோயிலோ, பள்ளிக்கூடமோ?” கந்தோர்தான் கட்டுவினம் என்றேன். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்கள்.

பெரிய கிளாக்கரும் அவர் மனைவியும் தேத்தண்ணிக்கு வந்த நாளை நான் எழுதாமல் விட முடியாது. என் பதவி உயர்வு அவர் கையில் இருந்த நேரம். கதிரையில் நீ வைத்துவிட்டுப் போன சஞ்சிகையை அந்த அம்மா எடுத்தார். அட்டையில் ஒரு பூதம், அதன் பிடியில் உடுப்புக் கிழிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். இரண்டு விரலால் பிடித்து, அட்டை தெரியாதபடி கவிழ்த்து வைத்தார். இதெல்லாம் வீட்டில் வைத்திருக்கிறீர்களோ என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அது என்ரை இல்லை. இவவுக்குக் கொஞ்சம் பைத்தியம்,” என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். தட்டோடு நீ வாசலில் நின்றதை அதற்குப் பிறகுதான் கண்டேன்.

நீ சண்டை பிடிக்கவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் சணல் கயிற்றால் கட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாய். அதற்குப் பிறகு வாங்கிவரச் சொல்லவுமில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பதவி உயர்வும் வந்தது. அதன்பின் நீ நோயில் விழும்வரை, ஒன்றரை வருடம், எங்கள் வீட்டில் ஒருநாளும் சோறு அடிப்பிடிக்கவில்லை. அதை நான் கவனிக்கவேயில்லை, பாக்கியம்.

பிறகு இருமல், காய்ச்சல், ஆஸ்பத்திரி. நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார் டாக்டர். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டை அவிழ்த்து இரண்டு சஞ்சிகைகளைக் கொண்டுவந்து, கட்டிலருகே இருந்து வாசித்தேன்.

“நீங்கள் வாசிச்சா கந்தோர்ச் சுற்றறிக்கை மாதிரி இருக்கு,” என்றாய். நிறுத்தட்டோ என்று கேட்டேன். “வேண்டாம், வாசியுங்கோ,” என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

அப்போது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. நர்ஸ் மருந்தோடு வந்தாள், நான் எழுந்து வழிவிட்டேன். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம் நான் வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

உன் அந்தியேட்டிக்கு, அந்த முப்பத்தோராம் நாளில், பெரிய கிளாக்கர் வீட்டாரும் வந்திருந்தார்கள். நல்ல அடக்கமான பிள்ளை, வீட்டு வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று அந்த அம்மா உன்னைப் புகழ்ந்தார்.

“இல்லை. அவ கிரகக் கதை வாசிக்கிறவ. என்னைவிடக் கனக்கத் தெரிஞ்சவ. நான்தான் வாசிக்க விடேல்லை,” என்றேன்.

பெரிய கிளாக்கர் என் தோளைத் தட்டி, துக்கத்தில் சொல்கிறீர் என்றார். அவர்கள் போனபின் அழுதேன். கேட்க வேண்டியவள் நீ, சொன்னது யாருக்கு?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அகராதியை வைத்துக்கொண்டு வாசிக்கிறேன். உனக்குப் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அவை பிடிக்கவில்லை. பூதமும் கப்பலும் சண்டையும்தான் தெரிகின்றன. நீ எதைக் கண்டு அப்படி உலகத்தை மறந்து இருந்தாய்? உயிரோடு இருந்தபோது ஒருதரமாவது கேட்டிருக்கலாமே.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். இவற்றை விற்கவோ மறைக்கவோ மாட்டேன். முன்னறையில் அட்டை தெரிய அடுக்கியிருக்கிறேன். யார் வந்து கேட்டாலும் இவை என் மனைவியுடையவை என்பேன். நீ கண்டது எனக்கும் தெரியும்வரை, ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே இருப்பேன்.

இப்படிக்கு,
உன் மனுசன்
இராசையா