சாம்பிராணி ஏறிய கறுவா

ஒக்டோபர் 10, வெள்ளி

மத்தியானத்துக்கு மேல் மழை. திங்கள் மெக்சிகோவிலிருந்து ஒரு அம்மா வருகிறார், எங்கள் கறுவாப்பட்டை பார்த்து வாங்க. அவருடைய ஓடர் கிடைக்காவிட்டால் எங்கள் வத்தேகமக் கறுவா ஸ்டோரை மூடுவதாக முதலாளி ஹாஜியார் சொல்லியாயிற்று. தரம் பிரிக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர். மேற்பார்வை நான்.

ஸ்டோரில் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைத் தாராளமாகவே போட்டேன். தரம் பிரிக்கும் மல்லிகா அக்கா: "இன்னும் ரெண்டு கட்டி போடுடி செல்வி. மெக்சிகோ ரொம்பத் தூரம்ல."

வாங்க: சீயக்காய், குடைக்குக் கம்பி.

ஒக்டோபர் 11, சனி

போச்சு. மெக்சிகோ அம்மாவுக்கு எடுத்துவைத்த சாம்பிள் கறுவாக் கட்டுகளை மோந்தேன், கோயில் வாசம்! தணல் சட்டியை அவற்றின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். உள்அறைக் கட்டுகள் தப்பின. ஆனால் சாம்பிள் கட்டுகளின் இலக்கங்களை அவருக்கு முன்னமே அனுப்பியாயிற்று, வேறு கட்டை மாற்றி வைத்தால் ஏமாற்று.

ஹாஜியார் மோந்து பார்த்தார். "என்ன புள்ள, கறுவா கேட்டா தர்காக் கந்தூரி வாசம் அடிக்குது?" அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. ஃபோனில் மெக்சிகோ பற்றி வாசித்தேன். மிளகாய் அங்கிருந்து வந்ததாம். தக்காளியும். செவ்வந்தியிலும் ஒரு வகை! மல்லிகா அக்காவிடம் சொன்னால், "போடி, மிளகா இல்லாம நம்ம ஆளுங்க என்னாத்த தின்னாங்க?" நியாயமான கேள்வி.

அங்கே ஜனாதிபதி ஒரு பெண். பாராளுமன்றத்தில் பாதிக்குப் பாதி பெண்கள், சட்டமே அப்படி. இரண்டு தரம் வாசித்தேன்.

ஒக்டோபர் 13, திங்கள்

வந்தார். பெயர் ரோசா. குள்ளம், நரைத்த பின்னல், சத்தமான சிரிப்பு. நானே முந்திக்கொண்டு இங்கிலிஷில் சொன்னேன்: தவறு என்னுடையது, பூசைப் புகை ஏறிவிட்டது.

சாம்பிள் கட்டு ஒன்றை எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டார். எடுக்கவே இல்லை. பார்த்தால் அழுகை. ஹாஜியார் என்னைப் பார்க்கிறார், நான் தரையைப் பார்க்கிறேன்.

அவர்கள் ஊரிலும் இப்படி ஒரு மரப்பிசின் புகைப்பார்களாம். நவம்பர் தொடக்கத்தில் செத்தவர்கள் வீட்டுக்கு வரும் நாள். படம், செவ்வந்தி, அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு. அவர் அம்மாவுக்குப் பிடித்தது மண்சட்டியில் கறுவா போட்டுக் காய்ச்சிய கோப்பி. அம்மா போனது இந்த வருடம். இதுதான் முதல் படையல். எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கேயோ உலகத்தின் அந்தப் பக்கம், நாம் தரம் பிரித்த பட்டையைச் செத்தவர்கள் மோந்து பார்க்கிறார்கள்! இத்தனை வருடம் தெரியாமலே கட்டிக்கொண்டிருந்தோம்.

பெண் ஜனாதிபதி பற்றிக் கேட்டேன். பெருமைதான் என்றார். ஆனால் காணாமல் போன பிள்ளைகளைத் தேடித் தாய்மார் இன்னும் மண்வெட்டியோடு புதைகுழி புதைகுழியாக அலைகிறார்களாம். அவர்கள் மட்டும் படையல் வைக்க மாட்டார்களாம், வைத்தால் பிள்ளை செத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். எங்கள் நாட்டு வடக்கிலும் போரில் காணாமல் போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு தாய்மார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு உள்அறைக் கட்டுகள் அத்தனையையும் பிரிக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக உடைத்து, மோந்து, கடித்து. வியாபாரத்தில் கண்ணீர் கிடையாது. பதில் நாளைக்காம்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மூடுபனி. பஸ் பிந்தியது. ஸ்டோர் வாசலிலேயே ஹாஜியார்: "ஓடர் வந்திட்டு, புள்ள! அல்ஹம்துலில்லாஹ்!" மல்லிகா அக்கா ஒப்பாரி போல அழுதாள், சந்தோஷத்தில்.

ஒரே நிபந்தனை: எல்லாம் உள்அறைச் சரக்கு. கெட்டுப்போன சாம்பிளில் ஒரு கட்டு மட்டும் தனிப் பெட்டியில், ரோசா படையலுக்குக் கையோடு கொண்டுபோக. பெட்டிமேல் தன் அம்மா பெயரை எழுதித் தரச் சொன்னார், எங்கள் எழுத்திலேயே.

குவாதலூப்பே. முதல் தரம் எழுத்துக் கோணிவிட்டது. இரண்டு தரம் எழுதினேன்.